சன்மானம் எவ்வளவு என்று கேட்கலாமா?

கேள்வி: பதினோரு வருடம் மருத்துவ லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். போன வருடம் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுத உட்கார்ந்தேன். சிறுகதை, கட்டுரை இரண்டும் எழுதுகிறேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத வரும். "நாலு பேர் கண்ணில் படுமே" என்று சொல்லி என் எழுத்தை வாங்கிப் போட்டவர்கள் நிறைய. பணம் தந்தவர் ஒருவருமில்லை. கட்டணம் கட்டிச் சில போட்டிகளுக்கு அனுப்பினேன். ஒன்றில் மட்டும் சான்றிதழ் வந்தது. கதை தொகுப்பு நூலில் வருமாம். அதற்கு நான் குறைந்தது ஐந்து பிரதி வாங்க வேண்டுமாம். இன்னொரு நிறுவனம் வேலை தருவதற்கு முன் 1,000 சொல்லில் ஒரு மாதிரிக் கட்டுரை கேட்கிறது, பணமில்லாமல். பணம் தரும் இதழ்கள், போட்டிகளின் பட்டியல் ஒன்று தருவீர்களா? கட்டணம் வாங்கும் போட்டி எல்லாமே ஏமாற்றுதானா?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: பட்டியல் கிடைக்கும் இடங்களைச் சொல்கிறேன். அதற்கு முன்னால், பட்டியலை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சம்பவம். அமெரிக்காவில் கிளார்க்ஸ்வேர்ல்ட் என்று ஓர் அறிவியல் புனைகதை இதழ் இருக்கிறது. சொல்லுக்கு இவ்வளவு என்று ஒழுங்காகப் பணம் தருவார்கள். புதியவர் அனுப்பினாலும் படிப்பார்கள். 2023 பிப்ரவரியில் அவர்கள் திடீரென்று கதை வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். சுலபமாகச் சம்பாதிக்க வழி சொல்கிறேன் என்று கிளம்பியவர்கள் பணம் தரும் இதழ்களை ஊருக்கெல்லாம் கைகாட்ட, செயற்கை நுண்ணறிவை விட்டு எழுத வைத்த கதைகள் அந்த ஒரே மாதத்தில் 500க்கு மேல் வந்து குவிந்தன. அடுத்த மாதம் திரும்பத் திறந்தார்கள் என்றாலும், ஆசிரியர் குழுவின் சந்தேகம் எல்லார் மேலும்தானே விழும்?

உங்களுக்குக் கிடைக்கும் பட்டியல் எல்லாருக்கும் கிடைக்கும். எல்லாரிடமும் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. அந்தப் பதினோரு வருட லேப் வேலையைக் கடிதத்தின் முதல் வரியிலேயே சொல்லிக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. கதைக்குப் பணம் தரும் இடங்கள் குறைவு, அங்கே நெரிசல் அதிகம். ஒரு துறைக்குள்ளே இருந்தவர் எழுதும் கட்டுரைக்கு அப்படியில்லை. பொது இதழ்களின் உடல்நலப் பக்கங்கள், லேப் துறைக்கென்றே வரும் தொழில் இதழ்கள், பரிசோதனைக் கருவி செய்யும் நிறுவனங்களின் செய்தி மடல்கள், நோயாளிகளுக்கான கையேடுகள் என்று எழுத ஆள் தேடும் இடங்கள் பல. இவற்றில் பாதி எந்த எழுத்தாளர் பட்டியலிலும் வராது. வேலையில் இருந்தபோது நீங்களே இவற்றைப் புரட்டியிருப்பீர்கள்.

இப்படிப்பட்ட இடங்களுக்கு முழுக் கட்டுரையை எழுதி அனுப்ப வேண்டியதில்லை. ஐடியாவை ஒரு பத்தியில் எழுதிக் கேட்டாலே போதும். பிட்ச் என்பார்கள். உங்களுக்காக ஒன்று எழுதிப் பார்த்தேன்:

"ஒரே நாளில் இரண்டு லேப்களில் பரிசோதித்த ரத்தத்தில் பொட்டாசியம் அளவு வேறு வேறாக வருவது உண்டு. கருவியில் கோளாறு என்று நோயாளி நினைக்கிறார். பல நேரம் கோளாறு ரத்தம் எடுத்த விதத்தில் இருக்கும்: எடுக்கும்போதோ கொண்டுபோகும்போதோ சிவப்பணுக்கள் உடைந்தால், உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து அளவைக் கூட்டிக் காட்டும். பதினோரு வருடம் லேபில் வேலை செய்தவள் என்ற முறையில், பரிசோதனைக்குப் போகிறவர் கவனிக்க வேண்டியதையும் கேட்க வேண்டியதையும் 1,200 சொற்களில் எழுதித் தர முடியும். மருத்துவர் ஒருவரின் கருத்தையும் சேர்ப்பேன். உங்கள் உடல்நலப் பகுதிக்குப் பொருந்துமா?"

இதைப் படிக்கும் துணை ஆசிரியருக்கு என்ன விஷயம், யார் எழுதுகிறார், எவ்வளவு நீளம், எந்தப் பக்கத்துக்கு என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். "நான் எழுத்தில் ஆர்வமுள்ளவள், வாய்ப்புத் தர வேண்டுகிறேன்" என்று போகும் கடிதத்தில் இதில் ஒன்றுகூட இருக்காது. அனுப்புவதற்கு முன் அந்த இதழின் கடைசி மூன்று நான்கு பிரதிகளைப் படித்துவிடுங்கள். போன மாதம்தான் இதே விஷயம் வந்திருந்தால் உங்கள் கடிதம் குப்பைக்குத்தான் போகும்.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். அச்சு இதழ் என்றால் ஆசிரியர் குழுவின் பெயர்கள் சின்ன எழுத்தில் வரும் பக்கத்தைப் பாருங்கள். படைப்பு எப்படி அனுப்புவது என்பது பெரும்பாலும் அங்கேயே இருக்கும். தமிழ் இதழ்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஆங்கிலத்துக்குத் தேடுதளங்கள் உண்டு. டியூயோட்ரோப் 2005 முதல் இருக்கிறது, 2013 முதல் சந்தா கட்டித்தான் பார்க்க முடியும். சப்மிஷன் கிரைண்டர் இலவசம். சொல்லுக்கு எவ்வளவு தருகிறார்கள், பதில் வர எத்தனை நாள் ஆகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். பதில் வந்த கணக்கை அனுப்பிய எழுத்தாளர்களே பதிவதால் நம்பலாம். கவிதை, கதைப் போட்டிகளுக்கு போயட்ஸ் அண்ட் ரைட்டர்ஸ் இதழின் பட்டியல் பரவாயில்லை. கட்டுரைகளுக்கு எந்த இதழ் உண்மையில் எவ்வளவு தந்தது என்று எழுதியவர்களே பெயர் சொல்லாமல் பதிந்து வைக்கும் ஹூ பேஸ் ரைட்டர்ஸ் என்ற தளத்தைப் பாருங்கள். இதழ்கள் சொல்லாததை அது சொல்லும்.

எவ்வளவு வந்தால் நியாயம் என்று கேட்பீர்கள். ஆங்கிலப் புனைகதைக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. அறிவியல் புனைகதை எழுத்தாளர்களின் அமெரிக்கச் சங்கம் தொழில்முறைச் சன்மானம் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளும் குறைந்தபட்சத் தொகையை 2019-இல் சொல்லுக்கு 8 சென்ட் ஆக்கியது. 3,000 சொல் கதைக்கு 240 டாலர். எல்லா இதழும் இதைத் தருவதில்லை. ஒரு சென்ட் தரும் நல்ல இதழ்களும் இருக்கின்றன. தெரிந்தே கொடுத்தால் தவறில்லை. எவ்வளவு என்றே தெரியாமல் கொடுப்பதுதான் வம்பு.

உங்களுக்குப் பணம் தராதவர்களிடம் நீங்கள் கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நம்மில் பலருக்குச் சன்மானம் என்ற பேச்சை எடுத்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கேட்டால் வாய்ப்புப் போய்விடுமோ என்ற பயம். ஐடியா பிடித்திருக்கிறது என்று பதில் வந்தவுடன், எழுத உட்காரும் முன் இப்படி ஒரு வரி அனுப்புங்கள்: "மகிழ்ச்சி. சன்மானம் எவ்வளவு, ஒப்புக்கொண்டதும் வருமா பிரசுரமான பிறகா, எந்த உரிமையை வாங்குகிறீர்கள் என்று தெரிவித்தால் தொடங்கிவிடுவேன்." இதற்கு முகம் சுளிக்கிறவர் எழுதி முடித்த பிறகும் பணம் தரப்போவதில்லை. பிரசுரமான பிறகுதான் பணம் என்றால், கட்டுரை ஆறு மாதம் கிடப்பில் இருந்தால் பணமும் கிடப்பில்தான். ஏற்றுக்கொண்ட கட்டுரையைப் போடாமல் விட்டால் ஒரு பகுதித் தொகை உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கில் ஃபீ என்று அதற்குப் பெயர்.

உரிமை விஷயத்தில் முதல் பிரசுர உரிமை என்று எழுதிக் கொடுப்பதுதான் நல்லது. முதலில் போடும் உரிமை அவர்களுக்கு. பிறகு மொழிபெயர்ப்பு, மறுபிரசுரம், உங்கள் சொந்தத் தொகுப்பு எல்லாம் உங்கள் கையில். இரண்டு மொழியில் எழுதும் உங்களுக்கு இது பணம். எல்லா உரிமையும் எங்களுக்கே என்று கேட்டால் அதற்கேற்ற தொகை தர வேண்டும், பெரும்பாலும் தருவதில்லை.

மாதிரிக் கட்டுரை கேட்கும் நிறுவனத்துக்கு, ஏற்கெனவே வெளியான உங்கள் கட்டுரைகளில் இரண்டை அனுப்பி, புதிதாகத்தான் வேண்டுமென்றால் மாதிரிக்கும் கட்டணம் உண்டு என்று எழுதுங்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்து 1,000 சொல் கேட்கிறார்கள் என்றால் எனக்குச் சந்தேகம்தான். பத்துப் பேரிடம் பத்துத் தலைப்பு கொடுத்தால் பத்துக் கட்டுரை இலவசமாகக் கிடைத்துவிடுகிறது.

பதிவுக் கட்டணம் கட்டினால் வேலை தருவோம் என்கிறவர்கள், பேசிய தொகைக்கு மேல் காசோலை அனுப்பிவிட்டு மீதியைத் திருப்பிக் கேட்கிறவர்கள் இருவருக்கும் பதிலே போடாதீர்கள். அந்தக் காசோலை சில நாளில் செல்லாமல் திரும்பும். நீங்கள் அனுப்பிய மீதி திரும்பாது. பெரிய பதிப்பகத்தின் பெயரில் மின்னஞ்சல் வந்தால் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். 2022 ஜனவரியில் நியூயார்க்கில் ஒருவர் கைதானார். பதிப்பக ஆட்கள் போல மின்னஞ்சல் அனுப்பி, இன்னும் வெளிவராத கையெழுத்துப் பிரதிகளை ஆயிரத்துக்கு மேல் வாங்கிவிட்டிருந்தார். முகவரியில் ஆங்கில 'எம்' வர வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிப் போடுவது அவர் செய்த வேலைகளில் ஒன்று. சின்ன எழுத்தில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

அப்புறம் போட்டிகள். கட்டணம் வாங்குவதாலேயே ஒரு போட்டி மோசடி ஆகிவிடாது. இங்கிலாந்தின் பிரிட்போர்ட் பரிசு 1973 முதல் நடக்கிறது. கட்டணம் உண்டு, சிறுகதைக்கு முதல் பரிசு 5,000 பவுண்ட், நல்ல பெயர். நான் பார்ப்பது வேறு. நடுவர் யார் என்று பெயர் போட்டிருக்கிறார்களா? போன வருடம் வென்ற கதையை எங்காவது படிக்க முடிகிறதா? கட்டணத்துக்கும் பரிசுக்கும் ஒரு பொருத்தம் இருக்கிறதா? இதில் இடித்தால் விட்டுவிடுவேன். ஒரு வருடத்துக்குக் கட்டணமாக இவ்வளவுதான் என்று ஒரு தொகையை ஒதுக்கிவிடுங்கள். தீர்ந்தால் கட்டணமில்லாத போட்டிகள் மட்டும்.

விதிமுறையில் ஒரு வாக்கியத்தைக் குறிப்பாகத் தேடுங்கள். "வெற்றி பெறும் படைப்பை வெளியிடும் உரிமை அமைப்பாளருக்கு உண்டு" என்றிருந்தால் சரி. "போட்டிக்கு வரும் படைப்புகள் அனைத்தின் உரிமையும் அமைப்பாளரையே சேரும்" என்றிருந்தால், தோற்ற கதையும் உங்களுடையது இல்லை. முதல் வாக்கியம் போலவே இதுவும் சாதாரணமாகத்தான் எழுதப்பட்டிருக்கும், அதனால் வேகமாகப் படித்தால் தப்பிவிடும். சந்தேகம் வந்தால் ரைட்டர் பிவேர் தளத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். 1998 முதல் இந்த மாதிரி ஆட்களைக் கண்காணிப்பதே அவர்கள் வேலை.

தொகுப்பு நூல் வியாபாரம் ரொம்பப் பழையது. அமெரிக்காவில் கவிதைப் போட்டி நடத்திய ஒரு நிறுவனம், எதை அனுப்பினாலும் தேர்வாகிவிட்டது என்று கடிதம் போட்டு, எழுதியவர்களுக்கே தொகுப்பை விற்றுக்கொண்டிருந்தது. வெர்கிள் ஃப்ளோம்ப் என்ற பொய்ப் பெயரில் ஒருவர் அர்த்தமே இல்லாத உளறலை அனுப்பிப் பார்த்தார். அதுவும் தேர்வாகிவிட்டது! வின்னிங் ரைட்டர்ஸ் என்ற அமைப்பு அந்தப் பெயரிலேயே நகைச்சுவைக் கவிதைப் போட்டி நடத்துகிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. உங்களிடம் ஐந்து பிரதி வாங்கச் சொன்னவர்களுக்கு வாசகர் யாரும் இல்லை. எழுதியவர்கள்தான் வாடிக்கையாளர். வாங்காதீர்கள்.

உங்களுக்கு நேராகப் பொருந்தும் போட்டி ஒன்று சொல்கிறேன். காமன்வெல்த் சிறுகதைப் பரிசுக்குக் கட்டணம் இல்லை. காமன்வெல்த் நாடுகளின் குடிமக்கள், 18 வயதானவர்கள் அனுப்பலாம். ஆங்கிலம் தவிர வேறு சில மொழிகளிலும் கதை வாங்குகிறார்கள், அதில் தமிழும் உண்டு. மொழிபெயர்க்காமல் அப்படியே அனுப்பலாம். வட்டாரப் பரிசு 2,500 பவுண்ட், ஒட்டுமொத்தப் பரிசு 5,000 பவுண்ட். வழக்கமாக செப்டம்பரில் தொடங்கி நவம்பர் 1 வரை வாங்குவார்கள். ஆனாலும் அந்தந்த வருட விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கதை 2,000 முதல் 5,000 சொல்லுக்குள் இருக்க வேண்டும், வேறு எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது. அதனால்தான் அந்தத் தொகுப்பு நூல் என்னை உறுத்துகிறது. அது இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்றால், பிரதி வாங்கப் போவதில்லை, கதையையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று இன்றைக்கே மின்னஞ்சல் அனுப்பி, அவர்கள் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.