டோபி, ஆண்ட்ரூ, டாம் - மூணு ஸ்பைடர்மேன்ல யாரு பெஸ்ட்டு, ஏன்?

இந்தக் கேள்விக்கு ஒரு ரெடிமேட் பதில் ஊரெல்லாம் சுத்திட்டு இருக்கு. "டோபி மக்வயர் நல்ல பீட்டர் பார்க்கர், ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் நல்ல ஸ்பைடர்மேன், டாம் ஹாலண்ட் ரெண்டும்." கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா மூணு வீட்டுக் கல்யாணத்துக்கும் போயிட்டு எல்லா வீட்டு சாப்பாடும் பிரமாதம்னு சொல்லி நழுவுற மாதிரி. என் கணக்கு வேற. நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணுதான், அந்தப் படத்துல பீட்டர் பாக்கெட்ல எவ்ளோ காசு இருக்கு?

காமெடி பண்ணலங்க, சீரியஸாத்தான் சொல்றேன். 1962ல ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் காமிக்ஸ்ல இந்த கேரக்டரக் கொண்டு வந்த நாள்ல இருந்தே இவன் கைல காசில்லாத பையன். சூப்பர்மேன் வேற கிரகத்துல இருந்து வந்தவன், பேட்மேன் கோடீஸ்வரன், இவன் நியூயார்க் குவீன்ஸ் ஏரியால பெரியப்பா பெரியம்மா வளக்குற ஸ்கூல் பையன். (அவங்க ஊர்ல அங்கிள் பென், ஆன்ட் மே, நம்ம ஊர் உறவுமுறைல பெரியப்பா பெரியம்மாதானே.) சிலந்தி கடிச்சு பவர் வந்ததும் மொதல் வேலையா உலகத்தக் காப்பாத்தவா போறான்? மல்யுத்த மேடைல ஏறி காசு சம்பாதிக்கத்தான் போறான். இந்த ஒரு இடத்த ஒவ்வொரு படமும் எப்படி எடுத்திருக்குன்னு பாத்தாலே பாதி பதில் வந்துரும்.

2002ல டோபிய வெச்சு சாம் ரைமி எடுத்த படத்துல, மூணு நிமிஷம் மேடைல தாக்குப்பிடிச்சா 3000 டாலர்னு விளம்பரம் பாத்துட்டு பீட்டர் போறான், அவனுக்கு ஒரு கார் வாங்கணும், தான் காதலிக்கிற பொண்ணு முன்னாடி கொஞ்சம் கெத்தா நிக்கணும், அவ்ளோதான் ஆசை. எதிராளிய ரெண்டே நிமிஷத்துல சாச்சிடுறான். பணம் குடுக்கிற ஆளு நூறு டாலர நீட்டி, மூணு நிமிஷத்துக்குத்தான் 3000, நீ ரெண்டுல முடிச்சிட்டல்லன்னு சொல்றான். பீட்டர் எனக்குப் பணம் தேவைங்கன்னு கேக்க, அது என் பிரச்சனை இல்லையேங்குறான். அடுத்த நிமிஷமே அந்த ஆள் கிட்ட ஒருத்தன் கொள்ளையடிச்சிட்டு ஓடி வர்றான், பீட்டர் திருடனுக்கு வழிய விட்டுட்டு அதே டயலாக்க அந்தப் பணம் குடுக்கிற ஆளுக்கே திருப்பிக் குடுக்குறான். தியேட்டர்ல கைதட்டினோம், ஏழாங்கிளாஸ் படிக்கிற எனக்கு அது செம பழிவாங்கலா தெரிஞ்சது. பத்து நிமிஷத்துல, அவன் தப்ப விட்ட அந்தத் திருட்டால பெரியப்பா நடுரோட்டுல செத்துக் கெடக்குறாரு. கைதட்டின கைய எங்க வெச்சுக்கிறதுன்னே தெரியல.

2012ல மார்க் வெப் எடுத்த படத்துல அது ஒரு கடை. ஆண்ட்ரூ சாக்லேட் பால் வாங்கப் போறான், ரெண்டு சென்ட் குறையுது, கடைக்காரப் பையன் முடியாதுன்னுட்டான். திருடன் வந்து கல்லாவ அள்ளிட்டு போற போக்குல அந்தப் பாலத் தூக்கி இவன் கைல போடுறான், இவனும் சும்மா விட்டுடுறான். ஐடியா நல்ல ஐடியா. ஆனா 3000 எதிர்பாத்து நூறு வாங்கினவன் கோவத்துல ஒரு நியாயம் இருக்கு, ரெண்டு சென்ட்டுக்கு அந்தக் கனம் வரல, ஏதோ வெடுக்குன்னு கோச்சுக்கிட்ட பையன் மாதிரிதான் இருக்கு.

டாம் ஹாலண்ட் படங்கள்ல பெரியப்பா சாவு காட்டவே இல்ல. ஃபார் ஃப்ரம் ஹோம்ங்கிற படத்துல ஒரு பெட்டி மேல அவர் பேரோட மொத எழுத்துங்க மட்டும் இருக்கும், கண்ண மூடித் தொறந்தா மிஸ் ஆயிடும். ரெண்டு தடவ பாத்த கதைதானேன்னு விட்டுருக்காங்க, புரியுது, ஆனா அந்த இடத்துல கோடீஸ்வரன் டோனி ஸ்டார்க்க, அதான் அயர்ன்மேன, உக்கார வெச்சதுதான் எனக்குச் செரிக்கல. அதுக்கு அப்புறம் வர்றேன்.

மொதல்ல டோபியோட, 2004ல வந்த ரெண்டாவது பாகத்தப் பத்திப் பேசியே ஆகணும், ஏன்னா என் பதில் அதுதான். அந்தப் படம் ஆரம்பிக்கிறதே பீட்சா டெலிவரில. 29 நிமிஷ கேரண்டி, எட்டு பீட்சா, இவன் நடுவுல ரெண்டு குழந்தைங்கள லாரி கிட்ட இருந்து காப்பாத்திட்டு, ஒரு சின்ன சாமான் ரூம் ஜன்னல் வழியா உள்ள பூந்து டிரெஸ் மாத்திட்டு வெளிய வர்றப்ப துடைப்பமெல்லாம் மேல மேல சரியும், அத அவன் ஒவ்வொண்ணா எடுத்து வைக்க வைக்க மறுபடி விழும். டிரெயினையே நிறுத்துறவன் ஒரு துடைப்பத்த நிமித்தி வைக்கத் தெரியாம நிக்கிறான். ரிசப்ஷன் பொண்ணு லேட்டு, காசு தரமாட்டேன்னுடுது. வேலை போச்சு.

நான் காலேஜ் முடிச்சிட்டு வேலை கிடைக்காம சென்னைல எட்டு மாசம் பீட்சா டெலிவரி பண்ணிருக்கேன், கடை பேரெல்லாம் வேணாம். ஒரு அபார்ட்மென்ட்ல டெலிவரி பசங்க லிஃப்ட்ல ஏறக்கூடாதுன்னு செக்யூரிட்டி அண்ணன் படிக்கட்டக் காட்டுவாரு, பாவம் அவருக்கும் மேல இருந்து ஆர்டர். அஞ்சாவது மாடி. ஏறி முடிச்சு பெல் அடிச்சா கதவத் தொறந்த ஆளு மொபைல்ல டைம் பாத்துட்டு, மூணு நிமிஷம் லேட்டு தம்பி, ஃப்ரீதானேன்னு சிரிச்சாரு. அந்தக் காச என் கணக்குலதான் புடிச்சாங்க. அன்னைக்கு ராத்திரி ரூமுக்கு வந்து ரூம்மேட் லேப்டாப்ல இந்தப் படத்தத் திரும்பப் பாத்தேன், ஒன்பதாங்கிளாஸ்ல பாத்தப்ப வில்லன் டாக்டர் ஆக்டபஸ் கைங்க மட்டும்தான் கண்ணுல பட்டுச்சு, இப்ப அந்த ரிசப்ஷன் பொண்ணு முகம்தான் பட்டுச்சு.

அப்புறம் அந்த 20 டாலர். பீட்டர் பொறந்தநாளுக்கு மே பெரியம்மா ஒரு 20 டாலர் நோட்ட நீட்டுவாங்க. அந்த வீடே கடன்ல முழுகிட்டு இருக்கு, மேஜைல பேங்க் நோட்டீஸ் கெடக்கு, பீட்டர் வேணாம்னு சொல்றான். சட்டுனு அவங்க கத்திடுவாங்க, இது பெரிய காசில்ல, ஆனா தயவு செஞ்சு வாங்கிக்கோன்னு, அடுத்த நொடியே கலங்கிப் போய் ஸாரி கேப்பாங்க. அந்த வயசான நடிகை ரோஸ்மேரி ஹாரிஸ், அந்த ஒரு அரை நிமிஷத்துல படத்தயே தூக்கி நிறுத்திடுறாங்க. எங்க பெரியம்மா பொங்கலுக்கு வந்தா நூறு ரூபாய நாலா மடிச்சு யாருக்கும் தெரியாம கைல திணிப்பாங்க, வேணாம் பெரியம்மான்னா கோவம் வந்துரும், அப்ப நீ பெரிய ஆளாயிட்டியான்னு கேப்பாங்க. சரி அத விடுங்க. படத்துல அடுத்து பீட்டர் தன்னோட ரூமுக்குப் போறான், ஹவுஸ் ஓனர் வாடகை கேக்குறாரு, வாரம் பூரா இதத்தான் வெச்சு ஓட்டணும்னு பீட்டர் கைல எடுக்கிற 20 டாலர அந்த ஆளு வெடுக்குன்னு புடுங்கிப்பாரு. அதே நோட்டுதான்னு படத்துல எங்கயும் சொல்லல, நான் அதேன்னுதான் நினைச்சுக்கிறேன். ஓனர் பேரு டிட்கோவிச், ஸ்டீவ் டிட்கோ பேர நைஸா நுழைச்சிருக்காங்கன்னு அஞ்சாவது தடவ பாக்கும்போதுதான் உறைச்சது.

இந்தக் கஷ்டமெல்லாம் சேந்துதான் நடுவுல அவனுக்கு வலை வராமப் போகுது. 2002ல மணிக்கட்டுல இருந்து தானா வலை வருதுன்னு காட்டினப்ப காமிக்ஸ் ரசிகர்கள் கொந்தளிச்சாங்க, ஏன்னா காமிக்ஸ்ல அவன் தானே கண்டுபிடிச்ச ஒரு மெஷின்ல இருந்துதான் வலை வரும், அவன் மூளைக்கு அதுதான் அடையாளம். எனக்கும் அந்த வாதம் புரியுது. ஆனா மெஷினா இருந்தா ரிப்பேர் பண்ணிட்டுப் போயிருப்பான், உடம்புல இருந்து வர்றதாலதான் மனசு ஒடிஞ்சா வலையும் நின்னுடுதுன்னு கதை சொல்ல முடிஞ்சுது. டிரெயின் சீன்ல மாஸ்க் இல்லாம மயங்கி விழுறவன சனங்க தலைக்கு மேல தூக்கி உள்ள கொண்டு போய்ப் படுக்க வெச்சு, என் பையன் வயசுகூட இருக்காது போலயேன்னு ஒருத்தர் சொல்லுவாரு பாருங்க, அது எடுத்தது சிகாகோல, நியூயார்க் டவுன்டவுன்ல அப்படி மேல ஓடுற டிரெயினே கிடையாது. இருக்கட்டும், யாருக்கு வேணும் அந்த லாஜிக். அந்தப் படத்துக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் வந்துச்சு, ஆனா கண்ணுல நிக்கிறது அந்த சோர்ந்த முகம்தான்.

மூணாவது பாகம் 2007. சாண்ட்மேன் மணல்ல இருந்து எழுந்து நிக்கிற சீன் மட்டும் தனியா எடுத்து வெச்சுக்கலாம், மத்தபடி வெனம்னு இன்னொரு வில்லனத் திணிச்சதும் பீட்டர் முடிய முன்னாடி இழுத்து விட்டுட்டு ரோட்டுல ஆடுனதும்... மீம் போட மட்டும்தான் ஆச்சு.

ஆண்ட்ரூவுக்கு வருவோம். நடிப்புல மூணு பேர்ல இவர்தான் பெரிய ஆளுன்னு நான் நம்புறேன், அதுல சந்தேகமே இல்ல. வலை மெஷினும் வந்துச்சு, சண்டையில வாய் ஓயாம நக்கல் பண்றதும் காமிக்ஸ்ல இருந்து அப்படியே வந்துச்சு. பிரச்சனை கதைல. அப்பா ஒரு விஞ்ஞானி, அவரோட ஆராய்ச்சி, அவரோட டிஎன்ஏவையே அந்தச் சிலந்திக்குள்ள வெச்சிருந்தாரு, அதனால இவன் ஒருத்தனாலதான் ஸ்பைடர்மேன் ஆக முடியும்னு 2014 படத்துல ஒரு முடிச்சு போட்டாங்க. அய்யா, அந்தச் சிலந்தி யாரக் கடிச்சிருந்தாலும் நடந்திருக்கும்ங்கிறதுதானே இந்தக் கதையோட உசுரு, அத எடுத்துட்டா இவனும் ராஜ வம்சத்துல பொறந்த ஹீரோ ஆயிடுறான்.

ஆனா பீட்டரோட காதலி க்வென் சாகுற சீன்... அதுக்கு முன்னாடி எல்லாத்தயும் மன்னிச்சிடலாம். 1973ல காமிக்ஸோட 121வது இதழ்ல அவ சாகுறா, பாலத்துல இருந்து விழுறவள வலையால புடிக்கிறான், சடார்னு நின்ன அதிர்ச்சியிலதான் கழுத்து போகுது, அந்தக் காமிக்ஸ் கட்டத்துல கழுத்துப் பக்கத்துல "ஸ்நாப்"னு குட்டியா ஒரு எழுத்து இருக்கும். காப்பாத்தப் போன கையே கொன்னுடுச்சு. படத்துல பாலத்துக்குப் பதிலா மணிக்கூண்டு, அங்க கடிகாரம் 1:21ல நிக்கும், காமிக்ஸ் படிச்சவனுக்கு வயித்தக் கலக்கும். கீழ பாயுற வலையோட நுனி ஒரு கை மாதிரி விரல் விரிச்சு அவள எட்டிப் புடிக்கப் போகும். எட்டும். ஆனா ஒரு நொடி லேட்டு. இப்பவும் அந்த சீன் வந்தா நான் எந்திரிச்சு தண்ணி குடிக்கப் போயிடுவேன்.

இப்ப டாம். 2016ல சிவில் வார் படத்துல வந்து இறங்கும்போது அவருக்கு இருபது வயசுகூட முழுசா ஆகல, ஸ்கூல் பையன்னு சொன்னா நம்ப முடிஞ்சது, டோபியும் ஆண்ட்ரூவும் அந்த வேஷத்துக்கு வரும்போது இருபத்தஞ்ச தாண்டிட்டாங்க. லண்டன் மேடைல டான்ஸ் நாடகத்துல வளந்த பையன், அந்தக் குட்டிக்கரணமெல்லாம் உடம்புலயே இருக்கு. எல்லாம் சரி, ஆனா மொத படத்துலயே ஸ்டார்க் மாதிரி ஒரு பெரிய பணக்காரன் வந்து ஒரு சூட்டத் தூக்கிக் குடுத்துடுறான், அதுக்குள்ள பேசுற கம்ப்யூட்டர் வேற. ஹோம்கமிங்ங்கிற அவரோட தனிப் படத்துல காசு இல்லாதவன் யாருன்னா வில்லன்தான்! மைக்கேல் கீட்டன் பண்ற டூம்ஸ், கடன் வாங்கி லாரியெல்லாம் வாங்கி இடிபாடு அள்ளுற கான்ட்ராக்ட் எடுத்தவரு, ஸ்டார்க் ஆளுங்க வந்து ஒரே நாள்ல பிடுங்கிட்டுப் போயிடுறாங்க. டோபி படத்துல ஹீரோ கிட்ட இருந்த கஷ்டம் அப்படியே இடம் மாறி வில்லன் வீட்டுக்குப் போயிடுச்சு. அதனாலதான் அந்தக் கார் சீன் அவ்ளோ நல்லா வேலை செய்யுது, பொண்ணையும் அவள டான்ஸுக்குக் கூட்டிட்டுப் போற பையனையும் அப்பாவே டிரைவ் பண்ணி இறக்கி விடப் போறாரு, கண்ணாடில பீட்டரப் பாத்துக்கிட்டே கணக்குப் போடுறாரு, புரிஞ்ச நேரத்துல சிக்னல் பச்சைக்கு மாறி அவர் முகம் பூரா பச்சை விழுது. ஒரு அடிதடி இல்ல, ஆனா அந்தப் படத்துலயே பெரிய சண்டை அதுதான்.

நடுவுல இன்னொரு ஸ்பைடர்மேன் பையன் மைல்ஸ் மொராலஸோட படம் ரெண்டையும் சொல்லாம விட்டா என் தம்பி என்னை வீட்டுல சேக்க மாட்டான். 2018ல வந்தது அனிமேஷன்தான், அனிமேஷன்னு கேவலமா நினைக்காதீங்க, ஆஸ்கர் வாங்கின படம். ஆரம்பத்துல மைல்ஸ் தடுமாறுறப்ப அவன மட்டும் வினாடிக்கு 12 படமா வரைஞ்சு, கூட ஓடுற அனுபவசாலி பீட்டர 24 படமா வரைஞ்சிருக்காங்க, நமக்குக் காரணம் தெரியாமலே இவன் கத்துக்குட்டின்னு கண்ணு சொல்லிடும். அது தனிப் பதில் எழுத வேண்டிய விஷயம்.

சரி, 2021 டிசம்பர், நோ வே ஹோம். மூணு பேரும் ஒரே படத்துல. ஆண்ட்ரூ அந்த மந்திர வட்டத்துக்குள்ள இருந்து வெளிய வந்தப்ப தியேட்டர்ல போட்ட சத்தத்துல டயலாக் எதுவும் கேக்கல. அவர் டாமோட காதலி எம்ஜேவ கீழ விழாமப் புடிச்சு, உனக்கு ஒண்ணும் இல்லையேன்னு கேட்டுட்டு அவர் மூஞ்சி கலங்கிப் போனப்ப, 2014ல க்வென்னக் காப்பாத்த முடியாம போனவன் இப்பப் புடிச்சிட்டான்னு எனக்குப் பின்னாடி ஒருத்தன் விசும்பினான். ஆனா எனக்கு அந்தப் படம் கடைசி அஞ்சு நிமிஷம்தான். ஒரு மந்திரத்தால உலகமே டாம மறந்துடுச்சு. ஸ்டார்க் இல்ல, பெரியம்மா இல்ல, ஃப்ரெண்டு இல்ல. ஆறு படம் பணக்கார வீட்டு நிழல்ல சுத்தின பையன் ஒரு அட்டைப்பெட்டியத் தூக்கிட்டு ஒரு ஓட்ட ரூமுக்கு வர்றான், உள்ள ஒரு தையல் மெஷின், தானே தச்ச சூட்டு. டோபி ரெண்டாவது படத்துல எங்க இருந்தாரோ அங்க இவன் இப்பதான் வந்து சேர்றான்.

அந்த சீன்ல ஹவுஸ் ஓனர் வந்து, வாடகை ஒண்ணாந்தேதி, லேட் பண்ணாதன்னு சொல்லுவாரு. ஆண்ட்ரூ வந்தப்பகூட வாயத் தொறக்காத நான் அதுக்கு விசில் அடிச்சேன். பக்கத்து சீட்டுப் பையன் திரும்பி ஒரு மாதிரி பாத்தான்.