பட்டுப் பவுடரும் முப்பது பேரும்

கடிதம்:

வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தாமானில் ஒருவர் பட்டுப் புரதப் பவுடர் விற்கிறார். டின் 160 வெள்ளி (ரிங்கிட்). ‘ஆரோக்கியமான 30 பெரியவர்களிடம் சோதிக்கப்பட்டது, பாதுகாப்பானது’ என்று டின்னிலேயே இருக்கிறது. அம்மாவுக்கு 67 வயது, முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். இனிப்பு நீர், இரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. கிட்னியும் கொஞ்சம் பலவீனம். கொடுக்கலாமா? இறால் சாப்பிட்டால் மட்டும் அரிக்கும், மற்றபடி எல்லாம் சாப்பிடுவார்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த டின்னில் இருக்கும் வாக்கியத்தைப் படிக்க டாக்டர் தேவையில்லை.

‘ஆரோக்கியமான’ என்ற சொல்லைப் பாருங்கள். இப்படிப்பட்ட சோதனைகளில் ஆள் எடுக்கும்போதே சர்க்கரை, கிட்னிக் கோளாறு உள்ளவர்களையும் தினமும் மருந்து சாப்பிடுகிறவர்களையும் பெரும்பாலும் கழித்துவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்களில் பாதிப் பேருக்குப் பவுடர், பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது. முன்னும் பின்னும் இரத்தம் எடுத்து ஈரலும் கிட்னியும் மாறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். நல்ல முறைதான், குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் அம்மா அங்கே போயிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

அப்புறம் அந்த 30. புள்ளியியலில் ஓர் எளிய கணக்கு உண்டு: யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால், 3-ஐ ஆட்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்; கண்ணில் படாமல் தப்பக்கூடிய தொல்லையின் அளவு ஏறக்குறைய அதுவரை இருக்கலாம். இங்கே 3-ஐ 30-ஆல் வகுத்தால் பத்தில் ஒன்று. முப்பது பேருமே பவுடர் சாப்பிட்டிருந்தாலும், பத்தில் ஒருவருக்கு வரக்கூடிய தொல்லைகூட அவர்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம். தோட்டத்து டிரெஸ்ஸர் காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே தண்ணி மருந்தைக் கொடுத்த காலத்தில், லயம் முழுக்கக் குடித்து நாங்கள் நடத்திய சோதனை இதைவிடப் பெரியது!

பவுடரில் என்ன இருக்கிறது? பட்டு நூல் என்பது ஃபைப்ராயின் என்ற புரதம், அதை ஒட்டியிருக்கும் பசை செரிசின் என்ற இன்னொரு புரதம். நூலை அப்படியே தின்றால் செரிக்காது என்பதால் அமிலத்திலோ நொதியிலோ உடைத்துப் பொடியாக்குகிறார்கள். ஃபைப்ராயினில் முக்கால் பங்குக்கு மேல் கிளைசின், அலனைன், செரின் என்ற மூன்றே அமினோ அமிலங்கள் (புரதத்தைக் கட்டும் செங்கற்கள்). மூன்றையும் நம் உடம்பே செய்துகொள்ளும். உணவிலிருந்தே கிடைக்கவேண்டிய ஒன்பது அமினோ அமிலங்கள் இதில் சொற்பம். ஒரு முட்டையில் இந்த ஒன்பதும் அடங்கிய புரதம் ஏறக்குறைய 6 கிராம் இருக்கிறது, 160 வெள்ளியும் ஆகாது. கிட்னி பலவீனம் என்பதால் முட்டையைக்கூட எத்தனை என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி வரியில் போகிறபோக்கில் இறாலைச் சொன்னீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. பட்டுப்புழுவின் சில புரதங்கள் இறால், நண்டின் புரதங்களைப் போலவே இருப்பவை. கூட்டுக்குள் இருக்கும் புழுவின் மிச்சம் பொடியில் கலந்திருந்தால், இறாலுக்கு அரிக்கிற உடம்பு இதற்கும் அரிக்கலாம், மூச்சும் திணறலாம். சோதனைக்கு வந்த முப்பது பேரில் அப்படி ஒருவராவது இருந்தாரா என்று விற்றவரைக் கேளுங்கள்.

டின்னில் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா? இருந்தால் மருந்துகளைப் பதிவு செய்யும் சுகாதார அமைச்சின் என்பிஆர்ஏ அமைப்பின் இணையத்தளத்தில் தட்டிப் பாருங்கள். சர்க்கரையைக் குணமாக்கும் என்றும் அவர் சொல்லியிருந்தால் கவனம்: 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் அப்படி விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது.

வாங்கிவிட்டீர்களா என்று எழுதவில்லை. வாங்கியிருந்தால் திறக்க வேண்டாம். அடுத்த முறை அரசாங்க கிளினிக்குக்குப் போகும்போது அம்மாவின் மாத்திரைகளோடு டின்னையும் எடுத்துப் போய், இறால் விஷயத்தை முதலில் சொல்லுங்கள்.