முதல் ஹாபி கிரேட் ஆர்சி டிரக்: எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்

கேள்வி: "பொம்மை ரிமோட் கார்கள் சில ஓட்டியிருக்கிறேன். முதல்முறையாக நல்ல ஹாபி கிரேட் டிரக் ஒன்று வாங்க ஆசை. 80 கிலோமீட்டர் வேகம் போகும் பிரஷ்லெஸ் மோட்டார் வண்டி வாங்கலாமா, இல்லை பிரஷ்டு மோட்டாரே போதுமா?"

பிரஷ்டு போதும். ஆனால் உங்கள் கேள்வியில் வேகம் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்பது மட்டும் இல்லை. நானும் முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

என் முதல் டிரக் 1/10 அளவு (நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு) பிரஷ்லெஸ், 3எஸ் லைப்போ பேட்டரி, அதாவது மூன்று செல் கொண்ட லித்தியம் பாலிமர் பேட்டரி போட்டு ஓட்டுவது. வீடியோவில் அது பறப்பதைப் பார்த்துவிட்டு, வேறு எதையும் யோசிக்காமல் வாங்கினேன். மூன்றாவது நாள் முழு த்ராட்டில் கொடுத்து, திருப்ப நினைத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பி, நேராக ஒரு சிமெண்ட் விளிம்பில் கொண்டுபோய் மோதினேன். முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்ம் உடைந்தது, அதைப் பிடித்திருக்கும் துண்டும் விரிசல் விட்டது. உடைந்ததில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை, இந்தப் பொழுதுபோக்கில் உடையத்தான் செய்யும். அந்த மாடலுக்கு அந்த ஆர்ம் எங்கேயும் கிடைக்கவில்லை என்பதுதான் வருத்தம். ஏழு வாரம் டிரக் அலமாரியில் உட்கார்ந்திருந்தது. பெட்டியில் என்னவோ ஹாபி கிரேட் என்று பெரிதாகத்தான் போட்டிருந்தார்கள்.

ஹாபி கிரேட் என்றால் என்ன என்பது எனக்கு அந்த ஏழு வாரத்தில்தான் புரிந்தது. பொம்மை ரகத்தில் ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர், மோட்டாரைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் எல்லாம் பெரும்பாலும் ஒரே பலகையில் இருக்கும், ஒன்று போனால் மொத்தமும் குப்பை. ஹாபி ரகத்தில் ரிசீவர் தனி, சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் சர்வோ தனி, மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் ஈஎஸ்சி தனி, மோட்டார் தனி. எது போனாலும் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். மாற்றுவதற்குப் பாகமே கிடைக்காது என்றால் அது விலை கூடிய பொம்மை, அவ்வளவுதான்.

சரி, இடத்துக்கு வருகிறேன். 50 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். உங்களிடம் இருப்பது 30 மீட்டர் நீளமுள்ள காலி இடம் என்றால், அந்த வேகத்தில் இரண்டு நொடியில் முடிந்துவிடும், பிரேக் பிடிக்கவே நேரமில்லை. அதோடு அரை மீட்டர் நீள டிரக் தூரத்தில் போனால் அது நம்மைப் பார்த்து நிற்கிறதா முதுகைக் காட்டி நிற்கிறதா என்பதே தெரியாது. நம்மை நோக்கி வரும்போது இடது வலது மாறிவிடும், இது கைக்குப் பழகச் சில நாள் பிடிக்கும். 80 போகும் வண்டியை வாங்கிவிட்டு 20க்கு மேல் தொடாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று நான் நம்பத் தயார், ஆனால் அப்படி ஒருவரை இதுவரை பார்த்ததில்லை.

பெரிய மைதானம், கொஞ்சம் புல், மேடுபள்ளம் என்றால் மான்ஸ்டர் டிரக். சக்கரம் பெரிது, அடிப்பகுதி உயரமாக இருக்கும், எங்கும் போகும், ஆனால் வேகமாகத் திருப்பினால் குப்புற விழும். ட்ராக்ஸஸ் ஸ்டாம்பீட், ஆர்மா கிரானைட் எல்லாம் இந்த வகை. இறுகிய மண் தரை, சரளை, வளைந்து வளைந்து பந்தயம்போல ஓட்டுவது பிடிக்கும் என்றால் ஷார்ட் கோர்ஸ் டிரக். 2008இல் வந்த ட்ராக்ஸஸ் ஸ்லாஷ்தான் இந்த வகையைப் பரவலாக்கியது. சக்கரத்தை மூடிய அகலமான பாடி இருப்பதால் பக்கவாட்டு மோதலைத் தாங்கும். அதே பாடி, மேடு ஏறிக் குதிக்கும்போது காற்றைப் பிடித்துக்கொண்டு குடைபோல மூக்கைத் தூக்கிவிடும், அதற்காகவே பாடியின் பின்பக்கம் ஓட்டை வெட்டுகிறவர்கள் உண்டு.

பெரிய இடமே இல்லையா? அப்போது கிராலர் வாங்குங்கள். மனிதன் நடக்கும் வேகத்தில் பாறை ஏறும் வண்டி. ஆக்ஸியல் எஸ்சிஎக்ஸ்10 வரிசை, 2017இல் வந்த ட்ராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4 இரண்டும் இதில் பிரபலம். ஒரு சாண் அளவே இருக்கும் எஸ்சிஎக்ஸ்24 மாதிரி குட்டி 1/24 கிராலரை அறைக்குள்ளேயே புத்தகம், தலையணை, செருப்பு அடுக்கி ஓட்டலாம். "மெதுவாகப் போவதில் என்ன சுவாரசியம்" என்று நானும் கேட்டவன்தான். ஒரே கல்லில் எந்தச் சக்கரத்தை எங்கே வைத்தால் ஏறும் என்று நாற்பது நிமிடம் போராடிவிட்டு நேரம் பார்த்தபோது பதில் கிடைத்தது. கிராலர் அவ்வளவு எளிதில் உடையாது, ஒரே பேட்டரியில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஓடும், வேக டிரக் அதே பேட்டரியை அரை மணிக்குள் குடித்துவிடும்.

அளவு பற்றி ஒரு வரி: 1/18, 1/16 டிரக்குகள் படத்தில் அப்படியே பெரியவைபோலத் தெரியும், ஆனால் கணுக்கால் உயரப் புல் அவற்றுக்குக் காடு. வெளியே ஓட்டுவதாக இருந்தால் 1/10, பாகமும் இந்த அளவுக்குத்தான் அதிகம் கிடைக்கும்.

இப்போது மோட்டார். பிரஷ்டு மோட்டாருக்கு இரண்டு கம்பி, உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துகொண்டே இருக்கும், தேய்ந்தால் மோட்டாரையே மாற்றிவிடலாம், மாற்று மோட்டார் மலிவானது. பிரஷ்லெஸுக்கு மூன்று கம்பி, பிரஷ் தேய்மானமே இல்லை, சக்தியும் அதிகம். அந்தச் சக்திதான் பிரச்சினை. மோட்டாரில் 3000 கேவி என்று போட்டிருந்தால், பளு இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 3000 சுற்று என்று பொருள். 2எஸ் லைப்போவின் 7.4 வோல்ட்டில் 22,200 சுற்று, 3எஸ் போட்டால் 11.1 வோல்ட், 33,300 சுற்று. அந்த வேகத்தில் மோதினால் ஆர்ம் மட்டும் உடைவதோடு நிற்காது. கிராலரில் இன்னொரு விஷயம்: மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்று ஈஎஸ்சிக்குச் சொல்லும் சென்சார் இல்லாத பிரஷ்லெஸ், மிக மெதுவாக நகரும்போது திக்கித் திக்கிப் போகும், பிரஷ்டு வழுக்கிக்கொண்டு போகும். எனக்குப் பிரஷ்லெஸ்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் பயிற்சி வசதி ரிமோட்டிலோ ஈஎஸ்சியிலோ உள்ளதாக வாங்குங்கள், முதல் பத்து முறை பேட்டரி தீரும் வரை அதை எடுக்காதீர்கள்.

பேட்டரியில்தான் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுவேன். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி கனம் அதிகம், ஓட ஓடச் சக்தி சரியும், ஆனால் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். லைப்போ இலேசானது, கடைசி வரை துள்ளும், தவறைப் பொறுக்காது. ஒரு செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவே கூடாது. அதனால் உங்கள் ஈஎஸ்சியில் அதற்கு முன்பே வண்டியை நிறுத்திவிடும் லைப்போ கட்ஆஃப் இருக்கிறதா, அது ஆன் செய்யப்பட்டிருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். சில டிரக்குகள் நிக்கல் பேட்டரிக்கான அமைப்பிலேயே வரும், அதில் அப்படியே லைப்போவைச் செருகி ஓட்டினால் பேட்டரி செத்துவிடும். சார்ஜ் செய்யும்போது ஒவ்வொரு செல்லையும் சமப்படுத்தும் பேலன்ஸ் சார்ஜர் வேண்டும், 5000 எம்ஏஎச் பேட்டரி என்றால் 5 ஆம்பியருக்கு மேல் வைக்காதீர்கள், தீப்பிடிக்காத பைக்குள்ளோ தரை ஓட்டின் மேலோ வையுங்கள், பக்கத்திலேயே இருங்கள். சில நாள் ஓட்டப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துவிடுங்கள், முழு சார்ஜில் வைக்காதீர்கள். உப்பிப்போன லைப்போவை, இன்னும் ஓடுகிறதே என்று வைத்துக்கொள்ள வேண்டாம். பெட்டியோடு வரும் சார்ஜர் பெரும்பாலும் மிக மெதுவானது, பல பெட்டிகளில் பேட்டரியும் சார்ஜருமே இருக்காது. வாங்கும் முன் பட்டியலைப் படியுங்கள், டிரக் விலையை மட்டும் கணக்குப் போட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய.

வாங்குவதற்கு முன் ஒரே ஒரு சோதனை செய்யச் சொல்வேன். நீங்கள் மனதில் வைத்திருக்கும் மாடலின் பெயரைப் போட்டு நான்கு பாகங்களைத் தேடுங்கள்: முன் சஸ்பென்ஷன் ஆர்ம், ஸ்பர் கியர் (மோட்டாரின் சிறு பல்சக்கரம் சுழற்றும் பெரிய பல்சக்கரம்), டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு), ஸ்டியரிங் சர்வோ. நான்கும் இப்போதே ஆர்டர் போடும் நிலையில் கிடைக்கிறதா? எல்லாப் பாகத்தையும் பிரித்துக் காட்டி எண் போட்ட படம் கையேட்டில் இருக்கிறதா? இருந்தால் வாங்குங்கள். பளபளப்பான புது மாடலைவிட, பல வருடமாக விற்பனையில் இருக்கும் பழைய மாடலே முதல் வண்டிக்கு நல்லது. டிரக் வாங்கும்போதே இரண்டு ஆர்மும் ஒரு ஸ்பர் கியரும் சேர்த்து வாங்கி வைத்தால், ஞாயிற்றுக்கிழமை உடைந்தது ஞாயிற்றுக்கிழமையே ஓடும்.

கிட் வாங்கி நாமே கோப்பதா, ரெடியாக ஓடுவதை வாங்குவதா என்று அடுத்து கேட்பீர்கள். பொறுமை இருந்தால் கிட் நல்ல ஆசான், எந்தத் திருகு எங்கே என்று கைக்கே தெரிந்துவிடும். 1987இல் வந்த தமியாவின் லஞ்ச் பாக்ஸ், முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் வேன் வடிவ வண்டி, மறுவெளியீடாக வந்து இன்றும் பலருக்கு முதல் கிட். ஆனால் கிட்டில் பெரும்பாலும் ரிமோட், பேட்டரி, சார்ஜர் தனி. சில கிட்களில் பால் பேரிங் இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் புஷ் கொடுத்திருப்பார்கள், கோக்கும்போதே மாற்றிவிடுங்கள், பிறகு மாற்ற மொத்தத்தையும் பிரிக்க வேண்டும். பொறுமை இல்லையென்றால் ரெடி வண்டியே சரி, அதிலும் முதல் ஓட்டத்துக்கு முன் எல்லாத் திருகையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பேட்டரிக்குப் பதில் எரிபொருளில் ஓடும் நைட்ரோ எஞ்சின் வண்டி வேண்டாம், ஓட்டும் நேரத்தைவிட ட்யூன் செய்யும் நேரம் அதிகமாகிவிடும்.

அப்புறம் அலுமினியப் பாகங்கள். வாங்கிய வாரமே நீலமும் சிவப்புமாக மாட்டத் தோன்றும். பிளாஸ்டிக் ஆர்ம் வளைந்து அடியை வாங்கிக்கொள்ளும், தாங்க முடியாவிட்டால் தான் உடையும். அலுமினியம் வளையாமல் அந்த அடியை உள்ளே இருக்கும் அடுத்த பாகத்துக்கு அனுப்பிவிடும், அது மாற்றுவதற்கு இன்னும் கஷ்டமான பாகமாக இருக்கும். அந்தப் பணத்தில் 1.5, 2, 2.5 மில்லிமீட்டரில் நல்ல ஹெக்ஸ் டிரைவர் வாங்குங்கள், பெட்டியில் வரும் வளைந்த அலன் கீ திருகின் தலையை வழித்துவிடும். மோட்டாரைக் கழற்றி மாட்டும்போது மோட்டாரின் பல்சக்கரத்துக்கும் ஸ்பர் கியருக்கும் நடுவில் ஒரு காகிதத் துண்டை வைத்து இறுக்கி, பிறகு அதை உருவிவிட்டால் இடைவெளி சரியாக இருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் இரண்டு ஸ்பர் கியரைத் தின்றேன். வாட்டர்புரூஃப் என்று போட்டிருந்தால் அது எலக்ட்ரானிக்ஸுக்கு மட்டும், பேரிங் துருப்பிடிக்கும், நனைந்தால் துடைத்துக் காயவைத்து எண்ணெய் விடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு என்னிடம் ஒன்றைச் சொல்லச் சொன்னால்: மைதானம் இருந்தால் 1/10 பிரஷ்டு மான்ஸ்டர் டிரக், இரண்டு சக்கரத்தை மட்டும் மோட்டார் சுழற்றும் டூ வீல் டிரைவே போதும், பாகம் குறைவு, பழுதும் குறைவு. மைதானம் இல்லையென்றால் கிராலர்.

வாங்கியதும் இதை மட்டும் மறக்காதீர்கள்: ரிமோட்டை முதலில் ஆன், டிரக்கை அடுத்து. நிறுத்தும்போது டிரக் முதலில் ஆஃப், ரிமோட் கடைசியில். என் அண்ணன் மகன் ஒருமுறை ரிமோட்டை முதலில் அணைத்துவிட்டான். அந்த வண்டியில் சிக்னல் போனால் நின்றுவிடும்படி ஃபெயில்சேஃப் அமைக்காமல் விட்டிருந்தது நான். டிரக் தானாகக் கிளம்பி, நிறுத்தி வைத்திருந்த சைக்கிள்கள் வரிசையில் போய் முட்டியது. அவனைத் திட்ட வாயெடுத்தவன், என் தவறு ஞாபகம் வந்து பேசாமல் போய் சைக்கிள்களை நிமிர்த்தி வைத்தேன்.