ஐந்து கிலோவை எங்கிருந்து எடுப்பது?

கேள்வி: நான் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். மகனுக்கு 18 வயது. ஸ்கூலில் படிக்கும்போதே குத்துச்சண்டை பழகத் தொடங்கினான். இப்போது 62 கிலோ இருக்கிறான், 63.5 கிலோ பிரிவில்தான் விளையாடி வந்தான். போன போட்டியில் தோற்றதும், "நீ உயரமான பையன், 57க்கு இறங்கினால் எல்லாரையும் அடிக்கலாம்" என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். கொழும்பில் போட்டி, இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது. இரவில் சாப்பிடுவதில்லை, தண்ணீரும் குடிப்பதில்லை. நான் மலைக்குக் கட்டிக்கொண்டு போகும் பிளாஸ்டிக் படங்கை உடம்பில் சுற்றி, மேலே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஓடுகிறான். எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறான். அவனுடைய சித்தப்பாவோ, "நன்றாகச் சாப்பிட்டு மேல் பிரிவுக்குப் போடா" என்கிறார். எது சரி?
(ஒரு தாய், தலவாக்கலை)

பதில்: அக்கா, முதலில் அந்தப் படங்கைப் பிடுங்கி உள்ளே வையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 1997ஆம் ஆண்டின் கடைசியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள், சில கிழமை இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். மூன்று பேருமே எடையைக் குறைக்கத் தண்ணீரையும் சாப்பாட்டையும் வெட்டி, வியர்வை வெளியேறாத உடையில் பயிற்சி செய்தவர்கள். அதற்குப் பிறகுதான் அங்கே அந்த ரப்பர் உடையைத் தடை செய்தார்கள். "நம்ம ஊர் குளிர்தானே" என்று மகன் சொல்லுவான். படங்குக்குள் குளிர் ஏது? வியர்வை காய்ந்தால்தான் உடம்பு ஆறும். அது காய வழியில்லாமல் மூடிவிட்டால் உள்ளே சூடு ஏறிக்கொண்டேதான் போகும். குளிரில் தாகமும் சரியாகத் தெரியாது, அது இன்னும் மோசம்.

சரி, கேள்விக்கு வருவோம். எடைப் பிரிவு மாறுவது தப்பே இல்லை, பெரிய வீரர்கள் எல்லாம் மாறியிருக்கிறார்கள். போகிற கிலோ எதிலிருந்து போகிறது, எத்தனை நாளில் போகிறது என்பதுதான் விஷயம். 62இலிருந்து 57 என்றால் உடம்பில் நூற்றுக்கு எட்டுப் பங்கு. மூன்று கிழமையில் ஒழுங்காகச் சாப்பிட்டுப் பயிற்சி செய்தால் கொழுப்பில் ஒன்றரை, இரண்டு கிலோ கரையலாம், அதுவும் கரைய அவன் உடம்பில் கொழுப்பு இருந்தால். மிச்சம் மூன்று கிலோவும் தண்ணீர்தான். மழை நாளில் ஈரக் கொழுந்துக்கு எத்தனை கிலோ வெட்டுவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தராசுக்குத் தண்ணீரும் ஒன்றுதான், கொழுந்தும் ஒன்றுதான். மகனின் தராசும் அப்படித்தான் அவனை ஏமாற்றுகிறது.

வியர்வையாகப் போகும் தண்ணீரில் ஒரு பங்கு இரத்தத்திலிருந்து போகிறது. இரத்தத்தின் அளவு குறைந்தால் அதே வேலைக்கு இதயம் கூடுதலாக அடிக்க வேண்டும். உடல் எடையில் 2 சதவீதம் தண்ணீர் குறைந்தாலே களைப்பு முந்திக்கொண்டு வரும். உங்கள் மகனுக்கு அது ஒன்றேகால் கிலோ மட்டும்தான். சாப்பாட்டை நிறுத்தினால் கிளைக்கோஜன், அதாவது தசையில் சேர்த்து வைத்த மாச்சத்து, கரையும். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும், அதுவும் கூடவே போகும். அதனால்தான் முதல் இரண்டு மூன்று நாளில் எடை மளமளவென்று இறங்கி, பையன்கள் சந்தோஷப்படுகிறார்கள். கடைசிச் சுற்றில் கையைத் தூக்கி வைத்திருக்க உதவுவதே அந்தக் கிளைக்கோஜன்தான் என்பது ரிங்கில் ஏறிய பிறகுதான் தெரியும். முதல் மூன்று நிமிடம் ஒன்றும் தெரியாது. இரண்டாவது சுற்றில் இடது கை கன்னத்தை விட்டு மெல்ல இறங்கும். குதிகால் தரையில் ஒட்டிக்கொள்ளும். அடி வருவது கண்ணுக்குத் தெரியும், தலை நகர்வதற்குள் பட்டுவிடும். வறண்ட உடம்போடு தலையில் வாங்கும் அடி மூளைக்குக் கூடுதல் ஆபத்து என்று மருத்துவர்கள் கவலைப்படுவதும் இதனால்தான். எரிந்து விழுகிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அது பட்டினியின் கோபம். அவனைத் திட்டாதீர்கள்.

மாஸ்டர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். உயரமானவன் கீழ்ப் பிரிவுக்குப் போனால் கை நீளம் சாதகம்தான். டிவியில் வரும் தொழில்முறை வீரர்களும் அப்படித்தானே செய்கிறார்கள் என்று கேட்கலாம். அவர்களுக்கு எடை பார்ப்பது சண்டைக்கு முதல் நாள். ஒரு பகல், ஒரு இரவு முழுக்கக் குடித்துச் சாப்பிட்டு உடம்பைத் திரும்ப ஏற்றிக்கொள்ளுவார்கள். 2000ஆம் ஆண்டு நியூயோர்க்கில் ஆர்ட்டுரோ கட்டி என்பவர் முதல் நாள் பேசி வைத்த 141 பவுண்டுக்கு எடை காட்டிவிட்டு, மறுநாள் 160 பவுண்டோடு ரிங்கில் ஏறினார். எதிரே நின்ற ஜோயி கமாஷ் இரண்டாவது சுற்றில் விழுந்தார். மூளையில் காயம், அதன் பிறகு அவர் சண்டை போடவே இல்லை. அந்த முறை நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. உங்கள் மகனுக்கு அந்த ஒரு நாள் அவகாசமே கிடையாது. அமெச்சூர் போட்டியில் காலையில் எடை பார்த்துவிட்டு அன்றைக்கே சண்டை. ஜெயித்தால் அடுத்த சண்டையன்று காலையில் மறுபடியும் தராசு. பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை வினேஷ் போகத்துக்கு நடந்தது ஞாபகம் இருக்கும். மல்யுத்தம்தான், ஆனால் கதை இதேதான். வழக்கமாக 53 கிலோவில் விளையாடியவர் 50க்கு இறங்கினார். முதல் நாள் எடை சரி, மூன்று பேரைத் தோற்கடித்தார். இறுதிப் போட்டியன்று காலை 100 கிராம் கூடிவிட்டது, போட்டியிலிருந்தே நீக்கிவிட்டார்கள், அவ்வளவுதான்.

குத்துச்சண்டையிலேயே இரண்டு பேரைச் சொல்கிறேன். பிலிப்பைன்ஸின் மேனி பாக்கியாவ் 1998இல் 112 பவுண்ட் பிரிவில் உலக சாம்பியன். மறு வருடம் வளர்ந்த உடம்பை அந்த எடைக்குள் அடக்க முடியவில்லை. தராசிலேயே பட்டத்தை இழந்தார், வாடிப்போன உடம்போடு சண்டைக்குப் போய் மூன்றாவது சுற்றில் நாக் அவுட்டும் ஆனார். அதோடு அந்தப் பிரிவை விட்டுவிட்டு மேலே போனார். 2001இல் 122 பவுண்டில் மறுபடியும் உலகப் பட்டம். அங்கிருந்து ஏறி ஏறி மொத்தம் எட்டுப் பிரிவுகளில் பட்டம் வென்றார். 2008இல் அவரை எதிர்த்து நின்ற ஆஸ்கர் டி லா ஹோயா, ஏழு வருடத்துக்கு மேல் எட்டிப் பார்க்காத 147 பவுண்டுக்கு இறங்கி வந்தவர். பாக்கியாவைவிட உருவத்தில் பெரியவர், ஆனால் கையில் பலமே இல்லை. எட்டாவது சுற்று முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்தவர் எழும்பவில்லை. வயதும் ஒரு காரணம்தான், ஆனால் அன்று அவரைப் பாதி தோற்கடித்தது தராசு என்றே நான் நினைக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு சித்தப்பா சந்தோஷப்பட வேண்டாம். மேலே ஏறுவதும் லேசு இல்லை. பாக்கியாவ் ஏறியது வருடக் கணக்கில். அவசரமாகச் சோற்றைக் கூட்டினால் ஏறுவது தொப்பைதான், அதை மூன்று சுற்றும் சுமக்க வேண்டும். அங்கே இருப்பவர்கள் எலும்பிலேயே பெரியவர்கள். இங்கே ஆளை ஆட்டிய அடி அங்கே எடுபடாது, கட்டிப்பிடிக்கும்போது அவர்களின் பாரம் தோளை இறக்கிவிடும். ஏறி இறங்குவது இன்னும் கெட்டது. அமெரிக்க வீரர் ரோய் ஜோன்ஸ் 2003இல் எல்லாவற்றுக்கும் மேல் பிரிவான ஹெவிவெயிட்டுக்கு ஏறிப் பட்டம் வென்றார், அதே வருடம் சேர்த்த தசையைக் கரைத்துப் பழைய 175 பவுண்டுக்கு இறங்கினார். அன்டோனியோ டார்வரிடம் தட்டுத் தடுமாறி வென்றார், அடுத்த வருடம் அதே ஆளிடம் இரண்டாவது சுற்றிலேயே விழுந்தார். அந்தப் பழைய ஜோன்ஸ் திரும்பி வரவே இல்லை.

மாத்திரை, ஊசி, டப்பாவில் விற்கும் பவுடர் எதுவும் வேண்டாம். 2010 டெல்லி பொதுநலவாயப் போட்டியில் நம் நாட்டு மஞ்சு வன்னியாரச்சி வென்ற தங்கம், நாண்ட்ரோலோன் என்ற தசை ஏற்றும் மருந்து பரிசோதனையில் அகப்பட்டதால் பறிபோனது எல்லாருக்கும் தெரியும். மூத்திரம் போக வைக்கும் மாத்திரையும் அதே தடைப் பட்டியலில்தான் இருக்கிறது.

என் முடிவு இதுதான்: இந்தப் போட்டிக்கு 63.5இலேயே விளையாடட்டும். 18 வயதில் உடம்பு இன்னும் வளர்கிறது, அடுத்த வருடம் அதே பிரிவு அவனுக்கு இறுக்கமாகிவிடவும் கூடும். போட்டி முடிந்த பிறகும் இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால், கிழமைக்கு அரைக் கிலோவுக்கு மேல் போகாமல், மாதக் கணக்கில் இறங்கட்டும். கண்ணுக்குத் தெரிகிற கொழுப்பு இல்லையென்றால் அந்தப் பேச்சே வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பெரிய செலவு தேவையில்லை. இரவுச் சாப்பாட்டை நிறுத்தக் கூடாது. இந்த மாதிரிப் பயிற்சிக்கு அவனுக்கு ஒரு நாளைக்கு நூறு கிராம் அளவு புரதம் வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது ஆறு கிராம்தான், ஆகவே ரொட்டியும் சம்பலும் மட்டும் போதாது. பருப்பு, கடலை, நெத்தலி, சோயா என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒன்று இருக்கட்டும். பிளேன்டியில் சீனியைக் குறைக்கலாம், தண்ணீரைக் குறைக்கக் கூடாது. போட்டிக்கு முந்தின இரண்டு நாள் கருவாடும் ஊறுகாயும் வேண்டாம், உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும்.

இன்னொன்று, முடிந்தால் போட்டிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே கொழும்புக்கு இறங்கட்டும். தலவாக்கலைக் குளிரில் பழகிய உடம்பு அந்தப் புழுக்கத்தில் இறங்கியவுடன் வியர்த்துக் கொட்டும். கினிகத்தேனை வளைவுகளில் பஸ்ஸில் வாந்தி எடுக்கிற பையன் என்றால் கேட்கவே வேண்டாம், ரயிலில் அனுப்புங்கள்.

மாஸ்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். "57க்கு இறங்கினால் எடை பார்த்ததிலிருந்து சண்டைக்கு எத்தனை மணி நேரம் இருக்கும், அதற்குள் இவன் என்ன சாப்பிடுவான், மறுநாள் எடைக்கு என்ன செய்வான்" என்று மட்டும் கேளுங்கள். விபரம் தெரிந்தவர் என்றால் அவரே யோசிப்பார். அதற்கு முன்னால் மகனுக்குத் தலை சுற்றினாலோ, சிறுநீர் கடும் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போனாலோ பயிற்சியை அன்றே நிறுத்திவிடுங்கள். ஓடும்போது குளறிப் பேசினாலோ மயங்கினாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். போகிற வழியிலேயே உடம்பில் தண்ணீரை ஊற்றிக் குளிர்த்திக்கொண்டு போங்கள்.