கியோஸ் தீவின் பிர்கி கிராமம்: கேள்வி பதில்

கே: கிரேக்கத் தீவுக் கிராமம் என்றால் சாந்தோரினிதானே?
ப: இல்லை. நான் போய்வந்ததும் பதில் சொல்வதும் கியோஸ் தீவைப் பற்றி.

கே: பிர்கியில் அப்படி என்ன இருக்கிறது?
ப: சுவர்கள். கரிய மணல் கலந்த சாந்தைப் பூசி, மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, ஈரம் காயுமுன் முள்கரண்டியால் சுரண்டுகிறார்கள். சுரண்டிய இடத்தில் கறுப்பு எட்டிப் பார்க்கும். முக்கோணம், சாய்சதுரம், வட்டம் என்று அடித்தளம் முதல் மாடி வரை கோலம்தான். இதற்கு 'க்சிஸ்தா' என்று பெயர். பால்கனிகளில் சிறு தக்காளிகளைச் சரம் சரமாகக் காயப்போட்டிருப்பார்கள். சில கிலோமீட்டரில் எம்போரியோஸ். அங்கே மாவ்ரா வோலியா கடற்கரை முழுக்க எரிமலை தந்த கருங்கூழாங்கற்கள். அவற்றை எடுத்துவரத் தடை. எடுக்காதீர்கள்.

கே: அங்கே விளையும் மஸ்தகி என்ற பிசின் நம் குங்கிலியம்தானே?
ப: இல்லை. நம் நாட்டு மருந்துக் கடையில் 'ரூமி மஸ்தகி' என்று கேட்டால் கொடுப்பதுதான் அது.

கே: எங்கள் தாத்தா வைத்தியர். இரண்டும் ஒன்று என்பார்.
ப: தாத்தாவுக்கு வணக்கம். ஆனால் குங்கிலியம் சால மரம் போன்றவற்றின் பிசின். மஸ்தகி மரமோ மா, முந்திரிக் குடும்பம். கோடையில் மரத்தடியைப் பெருக்கி, வெள்ளை மண் தூவி, பட்டையில் சிறு கீறல் போடுவார்கள். சொட்டுச் சொட்டாக வடிந்து மண்ணில் உறையும். மெல்லும்போது முதலில் பொடிந்து, பிறகு சூயிங்கம் போலத் திரளும். (குங்கிலியத்தை மென்று சோதிக்க வேண்டாம்.) 1822இல் ஒட்டோமான் படை தீவைச் சூறையாடியபோது மஸ்தகிக் கிராமங்கள் பெரும்பாலும் தப்பின, சுல்தானின் அரண்மனைக்குப் பிசின் வேண்டியிருந்தது.

கே: என்றாலும் குங்கிலியம் என்று சொல்வதில் என்ன தவறு?
ப: மேலே சொன்ன பதிலைப் படியுங்கள்.

கே: விசா?
ப: ஷெங்கன், அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, வேண்டும்.

கே: விசா வேண்டுமா?
ப: மேலே.

கே: எப்படிப் போவது?
ப: ஏதென்ஸிலிருந்து விமானம், அல்லது பிரேயஸ் துறைமுகத்திலிருந்து இரவுக் கப்பல். தீவின் தலைநகரிலிருந்து பிர்கி சுமார் 25 கிலோமீட்டர். மதியம் ஊர் உறங்கும், மாலையில் போங்கள்.

கே: நினைவுக்கு ஒரே ஒரு கல்?
ப: கூடாது ஐயா. மஸ்தகி வாங்குங்கள்.

கே: சைவ உணவு கிடைக்குமா?
ப: கொண்டைக்கடலைக் குழம்பு 'ரெவிதியா', அரிசி அடைத்த தக்காளி 'கெமிஸ்தா' கேளுங்கள். 'நிஸ்தீசிமோ', அதாவது விரத உணவு, என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். அவர்கள் விரதத்தில் கணவாய் மீனுக்கு இடம் உண்டு.