அப்லே, அப்லாபா – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எட்டு மாதங்களாக ஸ்பானிய மொழி பயின்று வருகிறேன். 'இந்திகாத்திவோ' என்னும் வினைப்பாங்கின் கீழ் மட்டும் பத்துக் கால வடிவங்கள் கொண்ட ஓர் அட்டவணையை எங்கள் ஆசிரியை கொடுத்தார். முக்காலம் மட்டுமே அறிந்த எனக்குத் தலை சுற்றுகிறது. 'அப்லே', 'அப்லாபா' இரண்டுக்கும் நேராகப் 'பேசினேன்' என்றே எழுதி வைத்திருக்கிறேன். எதை எங்கே வைப்பது?

ச.

அன்புள்ள ச.,

பத்து என்ற எண்ணைக் கண்டு மிரள வேண்டாம். அவற்றில் ஐந்து தனி வடிவங்கள். மற்ற ஐந்தும் 'அபேர்' என்னும் துணைவினையின் அதே ஐந்து வடிவங்களைக் கொண்டு கட்டியவை. அவற்றுள்ளும் 'உபே அப்லாதோ' பேச்சில் ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. இந்திகாத்திவோ என்பது, சொல்பவர் ஒன்றை உள்ளதாக முன்வைக்கும் பாங்கு. 'அவன் வருகிறான் என்று நினைக்கிறேன்' என்பதில் வினை 'பியேனே'. 'வருவான் என்று நான் நினைக்கவில்லை' என்றதுமே அது 'பெங்கா' என மாறி, சுப்ஹுன்திவோ என்னும் வேறு பாங்கிற்குப் போய்விடுகிறது.

உங்கள் சிக்கல் இறந்தகாலத்தில் இருக்கிறது. கராகஸில் பிறந்த ஆந்த்ரேஸ் பெயோ, 1847இல் சிலி நாட்டின் சாந்தியாகோவில் வெளியிட்ட இலக்கணத்தில், 'அப்லே'யை 'ப்ரெதேரிதோ' (இறந்தகாலம்) என்றும் 'அப்லாபா'வை 'கோப்ரெதேரிதோ' என்றும் அழைத்தார். அதாவது பின்னது உடனிறந்தகாலம்: கடந்துபோன ஒரு கணத்தில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததைக் குறிப்பது. மெக்சிகோவில் இன்றும் பயன்படும் இப்பெயரே, ஸ்பெயினில் வழங்கும் 'இம்பெர்ஃபெக்தோ' என்பதைவிடத் தெளிவானது என்பது என் எண்ணம். 'முற்றுப்பெறாதது' என்ற பொருளுடைய அந்தப் பெயரைக் கேட்கும் மாணவர், நெடுநேரம் நீடித்த செயலுக்கெல்லாம் அதுதான் என்று எண்ணிவிடுகிறார். 'லீமாவில் பத்து ஆண்டுகள் வாழ்ந்தேன்' என்பதற்கு 'பிபீ' என்ற ப்ரெதேரிதோவே வரும்; பத்து ஆண்டுகளும் முடிந்த ஒரே துண்டாக அங்கே பார்க்கப்படுகின்றன. மாறாக, 'நான் வெளியே வந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது' என்பதில், வெளியே வந்தது 'ஸலீ', மழை 'யோபீயா'. ஐந்தே நிமிடம் பெய்திருந்தாலும் 'யோபீயா'தான்.

'அறிதல்' என்னும் வினையில் இந்த வேறுபாடு பொருளையே மாற்றிவிடும். 'சபீயா' என்றால் எனக்குத் தெரிந்திருந்தது. 'சூப்பே' என்றால் எனக்குத் தெரியவந்தது. நாம் வேறு துணைவினை கொண்டு காட்டுவதை அவர்கள் வினையின் வடிவத்தை மாற்றியே காட்டிவிடுகிறார்கள். 'அந்தக் காலத்தில் தாத்தா தினமும் இந்த வழியாக வருவார்' என்ற தொடரையும் எண்ணிப் பாருங்கள். வடிவத்தில் எதிர்காலமாக நிற்கும் அந்த 'வருவார்', பொருளில் கடந்தகால வழக்கம். ஸ்பானியத்தில் அது 'பெனீயா'. எனவே உங்கள் குறிப்பேட்டில் 'அப்லாபா'வுக்கு நேரே 'பேசுவேன்', 'பேசிக்கொண்டிருந்தேன்' இரண்டையும் எழுதி, 'பேசினேன்' என்பதை 'அப்லே'க்கு விட்டுவிடுங்கள். எல்லா இடத்திலும் பொருந்தாது என்றாலும், பெரும்பாலான தவறுகள் தவிரும்.

'அபேர்' துணைவினையின் நிகழ்கால வடிவம் சேர்ந்த 'எ அப்லாதோ'வைப் பற்றி ஒன்று மட்டும். இன்று காலை உண்டதை மாட்ரித்காரர் இந்தக் கூட்டு வடிவத்தில் சொல்வார். மெக்சிகோவிலும் புவெனோஸ் ஐரெஸிலும் ப்ரெதேரிதோவே போதும். இரண்டும் பிழையல்ல, யாரோடு பேசப் போகிறீர்களோ அவர்கள் வழக்கைப் பின்பற்றுங்கள்.

எதிர்கால வடிவம் உங்களைத் தொல்லை செய்யாது. 'ஸெரான் லாஸ் தியெஸ்' என்பது நம் 'மணி பத்து இருக்கும்' என்பதேதான். அவர்களும் நம்மைப் போல எதிர்காலத்தால் ஊகிக்கிறார்கள். ஆனால் 'அவன் வந்தபோது மணி பத்து இருக்கும்' என்னும்போது, நாம் 'இருக்கும்' என்பதை மாற்றுவதில்லை. அவர்கள் 'ஸெரீயான்' என்று மாற்றுகிறார்கள். ஸ்பானிய அரச கழகத்தின் இலக்கணம் ஒரு காலத்தில் தனிப் பாங்காகவே பிரித்து வைத்திருந்து, பிறகு இந்திகாத்திவோவுக்குள் சேர்த்துக்கொண்ட வடிவம் இது. நம்மவர் 'ஸெரான்' என்றே சொல்லி மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.