குளத்துல புடிச்ச மீன்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தேவகோட்டைப் பக்கம் ஒரு ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. வாசிக்கவும் எழுதவும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஆசிரியர்களுக்காகவே எழுதிய புத்தகங்கள் நான்கைந்தை ஆன்லைனில் வாங்கினேன். எல்லாம் ஆங்கிலம். மூவாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிவிட்டது. பாதிக்கு மேல் ஆங்கில எழுத்துகளின் ஒலியைப் பற்றியே பேசுகின்றன. என் வகுப்புக்கு இதில் எதை எடுத்துக்கொள்வது? தமிழில் என்ன இருக்கிறது?

இன்னொரு கேள்வியும் உண்டு. ‘எங்கள் வீடு’ என்று எழுதச் சொன்னபோது ஒரு பையன் இப்படி எழுதினான்: “எங்க அப்பா ஆத்தங்குடி கல்லு போடுறாங்க. கன்னாடில கலர ஊத்துவாங்க. அப்பறம் மண்ணு சிமிட்டி போடுவாங்க. காஞ்சதும் தண்ணில போடுவாங்க.” சிவப்பு மையில் 13 வட்டம் போட்டேன். நோட்டை வாங்கிப் பார்த்தவன் ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்துவிட்டான். அடுத்த வாரம் பாடப் புத்தகத்தைப் பார்த்து மூன்று வரி எழுதிக் கொடுத்தான். ஒரு பிழை இல்லை. அதுதான் மனசை உறுத்துகிறது. நான் செய்தது சரியா?

ஓர் ஆசிரியை

*

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பாதியை மூடி வைத்துவிடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. ஆங்கிலத்துக்கு எழுத்து 26, ஒலிகள் ஏறக்குறைய 44. தோ, த்ரூ, காஃப் என்ற மூன்று சொற்களும் அதே நான்கு எழுத்தில் (ough) முடிகின்றன, ஒலி மட்டும் மூன்று விதம். அந்த ஊர் டீச்சர்கள் அதற்காகப் பக்கம் பக்கமாக எழுதத்தான் வேண்டும்.

நம் பிள்ளைகளின் சிக்கல் வேறு. ‘கெ’ எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, ஒலியிலோ க முதலில், எ பின்னால். ‘கொ’ என்றால் க-வுக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். அந்தக் கால் பிள்ளையின் கண்ணுக்கு ர மாதிரித் தெரிகிறது. ‘கௌ’வில் கடைசியாக நிற்பதை ள என்று படிக்காத பிள்ளை உண்டா? கு, சு, டு, மு என்று உகரம் எழுத்துக்கு எழுத்து உருவம் மாறுகிறது. கல், பகல், தங்கம் மூன்றிலும் அதே க, ஒலி வேறு வேறு. இத்தனைக்கும் நடுவில் 247 எழுத்தையும் அட்டவணையாக ஒப்பிக்க வைத்த பிறகுதான் சொல்லுக்கே வருகிறோம். ஙி, ஙீ எந்தச் சொல்லில் வருகிறது என்று கேட்டால் நமக்கே பதில் இல்லை. நீங்கள் வாங்கிய புத்தகங்களில் இது எதுவும் இருக்காது. தமிழுக்கு இதை ஒரு டீச்சர்தான் எழுத வேண்டும், தன் வகுப்பைப் பார்த்து.

அப்படிப் பார்ப்பதற்குக் கற்றுக்கொடுப்பவை என்றால் ஆங்கிலப் புத்தகங்களிலும் சில உண்டு. எனக்கு மிகவும் உதவியவர் மேரி கிளே, நியூசிலாந்துக்காரர். அவர் சொல்லும் முறைக்கு ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் போதும். பிள்ளை வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார வேண்டும். சரியாக வாசித்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு டிக். மாற்றி வாசித்தால் அது என்ன வாசித்ததோ அப்படியே எழுதி, புத்தகத்தில் இருக்கும் சொல்லை அடியில் எழுத வேண்டும். இடையில் திருத்தக் கூடாது. கேட்கச் சுலபமாக இருக்கிறது, செய்து பாருங்கள், வாயை மூடிக்கொண்டு உட்காருவதுதான் கஷ்டம்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்குச் சில மாதம் சனிக்கிழமைகளில் கதை வாசிக்கப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு பிள்ளைகளிடம் ஒரே வரியைக் கொடுத்தேன். “கொக்கு குளத்தில் மீனைப் பிடித்தது.”

பெண் பிள்ளை விரலை ஓட்டிக்கொண்டே சொன்னாள்: “கொக்கு குளத்துல மீனப் புடிச்சுச்சு.” நான்கு சொல்லில் ஒன்றுக்குத்தான் டிக். பையன் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினான். “கெ… ர… க்… கு, கெரக்கு. கு, ள, த், தி, ல், குளத்தில்…” நான்கில் மூன்று டிக். முடித்ததும் மீனைப் பிடித்தது யார் என்று கேட்டேன். பேசாமல் நின்றான். கெரக்கு என்றால் என்ன என்று அவன் என்னைக் கேட்கவே இல்லை. புத்தகத்தில் இருப்பது தனக்குப் புரியாதது என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தான்.

மதிப்பெண் போட்டால் பையன் 3, அவள் 1. வாசித்தது அவள்தான். அவளிடம் ‘புத்தகத்தில் எப்படி இருக்கிறது, விரல் வைத்துப் பார்’ என்று சொன்னால் போதும், ‘குளத்தில்’ வந்துவிடும். அவனுக்குக் கொடி, சொம்பு, தொட்டில் என்று அந்தக் கொம்பும் காலும் சேர்ந்து வரும் சொற்கள் வேண்டும். அதைவிட முக்கியமாக, வாசித்து முடித்த வரியை அவன் தன் பேச்சில் திருப்பிச் சொல்ல வேண்டும். இது அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கிளேயிடம் ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள். தெரியாத சொல்லைப் படத்தையும் பொருளையும் வைத்து ஊகிக்கச் சொல்வது அவர் வழி. அதை அங்கேயே இப்போது பலர் கடுமையாக மறுக்கிறார்கள். தமிழில் அதற்குத் தேவையும் குறைவு, எழுத்தைக் கூட்டினாலே சொல் பெரும்பாலும் கைக்கு வந்துவிடும்.

அப்புறம் சில்வியா ஆஷ்டன்-வார்னர். இவரும் நியூசிலாந்துதான், அங்குள்ள பூர்வகுடிகளான மாவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர். 1963-ல் வந்த அவருடைய புத்தகத்தின் பெயரே ‘டீச்சர்’. ‘உனக்கு என்ன சொல் வேண்டும்’ என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டு ஒரு அட்டையில் எழுதிக் கொடுப்பார். மறுநாள் பிள்ளைக்கு அது அடையாளம் தெரிந்தால் அட்டை அதற்குச் சொந்தம், தெரியாவிட்டால் தூக்கிப் போட்டுவிடுவார். பேய், முத்தம் மாதிரியான சொற்களைப் பிள்ளைகள் ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டார்களாம். நானும் அந்தச் சனிக்கிழமைகளில் செய்து பார்த்தேன். ‘ஔவை’யில் பத்து நாள் நின்றுவிட்ட ஒருவன் என்னிடம் கேட்ட சொல் ‘மஞ்சுவிரட்டு’. வீட்டில் காளை இருக்கிறது, அண்ணன் சிராவயலுக்கு ஓட்டிப் போகிறான். ஏழு எழுத்து, அதில் ஒரு ஞ், ஒரு ட். அடுத்த வாரம் அட்டையைத் தலைகீழாக நீட்டினேன். திருப்பிப் பிடித்து வாசித்தான்.

தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டக் கையேடு உங்கள் மேசையிலேயே இருக்கும். அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது பிள்ளைகளை எந்தக் குழுவில் உட்கார வைப்பது என்று சொல்லும். நான் மேலே சொன்ன தாள்தான் அந்தப் பிள்ளை ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லும். கிஜுபாய் பதேக்கா குஜராத்தியில் எழுதிய ‘பகல் கனவு’ தமிழில் கிடைக்கிறது. அதில் வரும் ஆசிரியர் முதல் நாள் மௌன விளையாட்டு விளையாட வைத்துத் தோற்றுப் போகிறார், பிறகு கதை சொல்லி வகுப்பைப் பிடிக்கிறார். ச. மாடசாமியின் ‘எனக்குரிய இடம் எங்கே?’ புத்தகத்தையும் வாசியுங்கள். ராயவரத்தில் பிறந்து, வங்கி வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்கு எழுதிய அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் வாசிப்புப் பாடத்துக்கே நல்லவை. வரி திரும்பத் திரும்ப வருவதால் விரல் தானாக ஓடும்.

எழுத்துக்கு என்றால் ஒரே ஒரு புத்தகம் சொல்வேன். இத்தாலியில் பார்பியானா என்கிற மலைக் கிராமத்துப் பள்ளியில் எட்டுப் பையன்கள் சேர்ந்து 1967-ல் ஓர் ஆசிரியைக்கு எழுதிய நீண்ட கடிதம். ‘எங்களை ஏன் டீச்சர் ஃபெயிலாக்கினீங்க?’ என்று தமிழில் வந்திருக்கிறது. கோபமான புத்தகம். கடைசிப் பக்கங்களில், அந்தக் கடிதத்தை எப்படி எழுதினோம் என்று பையன்களே சொல்கிறார்கள். தோன்றியதையெல்லாம் தனித்தனிச் சீட்டில் எழுதுவது, ஒத்தவற்றைக் குவியலாகச் சேர்ப்பது, உரக்க வாசிப்பது, வேண்டாததை வெட்டுவது. முன்னுரை, முடிவுரை என்று சட்டம் போட்டுக் கட்டுரை எழுத வைக்கும் நமக்கு அந்தச் சில பக்கங்கள் போதும்.

சரி, உங்கள் பையனுக்கு வருகிறேன். நீங்கள் செய்தது சரியில்லை டீச்சர். கேட்டதால் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பில் நான் ‘தவக்களை’ என்று எழுதி, அதை எழுந்து நின்று வகுப்புக்கு வாசிக்க வேண்டியிருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அந்த வருடம் முழுக்கத் தெரிந்த சொல்லை மட்டுமே எழுதினேன்.

உங்கள் 13 வட்டத்தில் 12 பேச்சுத் தமிழ். எழுத்துப் பிழை ஒன்றே ஒன்று, ‘கன்னாடி’யில் ண. அதை மட்டும் சொல்லிக்கொடுங்கள். மற்றபடி அந்தப் பையன் தரைக்கல் செய்யும் தொழிலை முறை தவறாமல் நான்கு வரியில் எழுதியிருக்கிறான். கண்ணாடி முதலில், நிறம் அடுத்து, மணலும் சிமெண்டும், பிறகு காய்வது, கடைசியில் தண்ணீர். ஒரு படி மாறவில்லை. ஆத்தங்குடிக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் எழுதும் பல கட்டுரைகளில் இந்த ஒழுங்கு இல்லை.

டொனால்ட் கிரேவ்ஸ் என்ற அமெரிக்கர் பிள்ளைகள் எழுதுவதைப் பல நாள் பக்கத்தில் இருந்து பார்த்து 1983-ல் ஒரு புத்தகம் எழுதினார். முதல் படியில் விஷயத்தைப் பற்றி மட்டும் பேசு, எழுத்துப் பிழை கடைசிப் படிக்கு என்பது அவர் வழி. அதன்படி செய்யுங்கள். அவனிடம் கேட்டுக்கொண்டு, அந்த நான்கு வரியை அப்படியே கரும்பலகையில் எழுதுங்கள். வகுப்பே வாசிக்கட்டும். பக்கத்தில் ‘ஊற்றுவார்கள்’, ‘தண்ணீரில்’ என்று எழுத்துத் தமிழில் எல்லாரும் சேர்ந்து மாற்றட்டும். இரண்டையும் அழிக்காமல் வையுங்கள்.

பிறகு அவனைக் கூப்பிட்டு, உங்களுக்கு உண்மையிலேயே தெரியாததைக் கேளுங்கள். கல்லைத் தண்ணீரில் எத்தனை நாள் வைப்பார்கள்? கண்ணாடி எப்போது கழன்று வரும்? பூ போடுவது அப்பாவா, வேறு யாராவதா? தெரியாவிட்டால் அப்பாவைக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். அவன் என்ன எழுதினான் என்று எனக்கும் அனுப்புங்கள்.